பனியன் கம்பெனிகளுக்கான எதிர்காலத் திட்டமிடல் பயிலரங்கு: இரண்டாம் நாளுக்கு மட்டும் போகலாம்

திருப்பூர், அவிநாசி வட்டார ஏற்றுமதியாளர்களுக்காகக் கோவை ஆலோசனை நிறுவனம் ஒன்று நடத்தும் இரண்டு நாள் பயிலரங்கு இது. வருங்காலத்தை மனிதர்களும் நிறுவனங்களும் எப்படிக் கணிக்கிறார்கள் என்ற ஆய்வுகளைக் கம்பெனிக்கு உதவும்படி சொல்லித் தருவதாக அழைப்பில் இருக்கிறது. பாதிதான் தேறுகிறது.

முதல் நாள் காலை, உளவியலாளர்கள் ஸிம்பார்டோவும் பாய்டும் 1999இல் வெளியிட்ட 56 கேள்விப் படிவம். தனி மனிதர் காலத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதை அளக்க வந்த படிவம் அது. பங்குதாரர்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுத்து, ‘உங்க கம்பெனி தொலைநோக்குள்ளது’ என்று சான்று தருவதற்கு அதில் இடமே இல்லை.

பிற்பகலில், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் 1970களின் தொடக்கத்தில் கையாண்ட எதிர்காலத் திட்டமிடலிலிருந்து பின்னாளில் வளர்ந்த முறை: நிச்சயமில்லாத இரண்டு விஷயங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நான்கு எதிர்காலங்களை எழுதுவது. பயிற்சித்தாளில் கொடுத்திருந்த இரண்டும் பஞ்சு விலை, நூல் விலை. பஞ்சு ஏறினால் நூலும் ஏறும். நான்கு கட்டத்தில் இரண்டு காலியாகத்தான் கிடக்கும். ஒன்றையொன்று சாராத, நம் கையில் இல்லாத இரண்டை எடுக்க வேண்டும். அமெரிக்க வரியும் சாயக்கழிவு நீர் விதியும் பொருந்தும். 2025 ஆகஸ்டில் வரி 50 சதவீதமானதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காசுக்கு மதிப்பு இரண்டாம் நாள் பிற்பகலில்தான். வேலை முடியும் நாளை எல்லோரும் குறைத்தே சொல்கிறோம். 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் செய்த ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்ற மாணவர்களுக்கு ஆனது 55 நாளுக்கு மேல். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், சரக்கு வாங்கும் பையருக்குச் சொல்லும் தேதியும் இதே ரகம்.

அவர்கள் தரும் வழி எளிது. ஒரே ரக ஆர்டர்களில் கடைசி 20ஐ எடுத்து, சொன்ன தேதிக்கும் சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பிய தேதிக்கும் உள்ள தாமதத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்த வேண்டும். 16ஆவது எண் 9 என்றால், புது ஆர்டரின் திட்டத்தில் 9 நாள் சேர்க்க வேண்டும். பத்துக்கு எட்டு ஆர்டர் அதற்குள் முடியும். மூன்று இடத்தில் கணக்கு கெடும். விமானத்தில் அனுப்பிச் சமாளித்த ஆர்டரைப் பையரிடம் சேர்ந்த தேதி வைத்துப் பார்த்தால் தாமதமே தெரியாது, சரக்குக் கட்டணத்தில்தான் தெரியும். பிரிண்ட் உள்ளதையும் பிளெய்னையும் கலக்கக்கூடாது. ரத்தான ஆர்டரை விட்டுவிடக்கூடாது. அது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. முதல் இரண்டைச் சொன்னார்கள், மூன்றாவதைச் சொல்லவில்லை.

அடுத்து உளவியலாளர் கேரி க்ளைன் 2007 கட்டுரையில் விளக்கிய உத்தி: ‘ஷிப்மென்ட் கெட்டுப்போச்சு, ஏன்?’ என்று முன்கூட்டியே எழுதுவது. ஆளுக்கொரு சீட்டு, பேச்சுக்கு முன்பே. முதலாளி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாய் திறந்தால் ‘சரிதானுங்க’ என்பதோடு முடிந்துவிடும். பயிலரங்கில் அப்படித்தான் முடிந்தது.

பயிற்சித்தாள்கள் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். முதலாளி மட்டும் போய்ப் பயனில்லை. மெர்ச்சண்டைசரும் புரொடக்‌ஷன் மேனேஜரும் ஆர்டர் ரெஜிஸ்டரோடு போக வேண்டும். கேட்டால் இரண்டாம் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் போட்டுத் தருகிறார்கள்.