பிரேக்அப்புக்குப் பிறகு 14416: வடசென்னையிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு

காதல் முறிந்து நடுராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது பேச ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்துக்கு 14416 நம்பிக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

பலரும் சொதப்புவது தொடக்கத்தில்தான். காதல் ஆரம்பித்த கதையிலிருந்து சொல்லத் தொடங்கினால், இன்றைய நிலைமைக்கு வருவதற்குள் களைத்துவிடுவீர்கள். தூக்கம், சாப்பாடு, வேலை அல்லது காலேஜ், சாக வேண்டும் என்ற எண்ணம்: இந்த நான்கும் எப்படி இருக்கின்றன, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். சாகும் எண்ணம் இருந்தால் அதுதான் முதல் வாக்கியம்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துச் சின்ன வீடுகளில் பெரிய பிரச்சினை. எல்லோருக்கும் மொட்டைமாடிதான் தோன்றும். சாகும் எண்ணம் இருப்பவர் தனியாக மாடிக்குப் போகவே வேண்டாம். கீழ்ப்படிக்கட்டில் உட்காருங்கள், நம்பும் ஒருவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்தச் சேவை பிரிந்தவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாது, யார்மேல் தப்பு என்று தீர்ப்பும் சொல்லாது. அதை எதிர்பார்த்துக் கூப்பிட்டால் ஏமாற்றம்தான். அடுத்த முறை வேறு ஆலோசகர் எடுக்கலாம் என்பதால், போன முறை பேசியதைக் குறித்துவைப்பது நல்லது.

பிரியாமல் இழுபறியில் இருக்கும் ஜோடிக்கு போன் மட்டும் போதாது. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள், கூட்டம் இருக்கும். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒவ்வொரு சண்டையையும் எழுதுங்கள்: எதில் ஆரம்பித்தது, யார் இறங்கிவந்தார், எத்தனை நாள் பேசவில்லை. சண்டை எத்தனை என்பதைவிட, முடிந்தபின் ஒட்டிக்கொள்கிறீர்களா என்பதே உறவின் நிலைமையைக் காட்டும். கேவலப்படுத்திப் பேசுவது பழக்கமாகிவிட்டால் அது மோசமான அறிகுறி. அடி, மிரட்டல், வெளியே விடாமல் தடுப்பது இருக்கிறதென்றால் ஜோடியாக ஆலோசனைக்கு உட்கார வேண்டாம்; அங்கே உண்மையைச் சொன்னவர் வீட்டுக்குப் போய் அடி வாங்குவார். பெண்கள் தங்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிட வேண்டும்.

பிரிந்தபின் நம்பரை ப்ளாக் செய்வது பாதி வேலைதான். ஒரே ஏரியா, ஒரே பஸ் ஸ்டாப், பொதுவான நண்பர்கள். 'அவளைப் பார்த்தேன்', 'அவன் ஸ்டேட்டஸ் பார்த்தியா' என்று சொல்ல வேண்டாமென்று நண்பர்களிடம் நேராகவே கேளுங்கள். ஆறிவரும் மனசை அந்தச் செய்திகள்தான் கிளறிவிடுகின்றன. கோபத்தில் பழைய சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். மிரட்டல் ஏதாவது இருந்தால் நம்பரும் தேதியும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் புகாருக்குத் தேவைப்படும்.

அழுகையும் ஏக்கமும் வரத்தான் செய்யும், அதற்கு மாத்திரை தேவையில்லை. இரண்டு வாரமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமலோ இருந்தால், அல்லது சாகும் எண்ணம் வந்தால், தள்ளிப்போடாமல் 14416-இல் மருத்துவரிடம் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள்.