விபத்து இழப்பீட்டில் 30 சதவீதம் வக்கீல் ஃபீஸா? மதுரைப் பக்கம் கேஸ் போட்டிருப்பவர்கள் படியுங்கள்

4,38,000 ரூபாய். மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் கணக்கிலிருந்து போன வாரம் ஒரே நாளில் போன தொகை. கணவர் நாலுவழிச் சாலையில் லாரி மோதி இறந்ததற்கு வந்த இழப்பீட்டிலிருந்து போன பணம் அது. எடுத்தது வேறு யாருமில்லை, அவருக்காக ஆஜரான வக்கீல் ஆபீஸ்தான். விபத்து கேஸ் மட்டுமே பார்க்கும் ரகம். பெயர் வேண்டாம்.

பிணவறை வாசலுக்கே அந்த ஆபீஸ் ஆள் வந்துவிட்டார். எஃப்.ஐ.ஆர். நகல் எடுத்தது அவர், ஆம்புலன்ஸுக்குப் பேசியதும் அவர். "ஒத்த ரூபா குடுக்க வேணாம்க்கா, பணம் வந்தப்புறம் பாத்துக்குவோம்." அந்த நேரத்தில் நம்பாமல் என்ன செய்வார்கள்? ஃபீஸ் எவ்வளவு என்று எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் வக்காலத்தோடு சேர்த்து, தொகை எழுதாத இரண்டு செக்கில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கணக்குப் போட்ட விதத்தைப் பாருங்கள். வட்டியோடு மொத்தம் 14,60,000. அதில் மைனர் பையன் பங்கு 6,00,000 கோர்ட் உத்தரவுப்படி பேங்க் டெபாசிட்டில். அதை யாரும் தொட முடியாது. அக்கா கைக்கு வந்தது 8,60,000. ஆனால் 30 சதவீதம் போட்டது மொத்தத்துக்கும், கழித்தது அக்கா பங்கில். பாதிக்கு மேல் போய்விட்டது. செக் பெட்டிஷன் (இழப்பீட்டை விடுவிக்கக் கேட்கும் மனு) போட்டுப் பணம் கணக்கில் ஏறிய அன்றே, ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்புக்கோடு குமாஸ்தா பேங்கில் உட்கார்ந்திருந்தார். பணம் எடுக்கும் சலான் ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டது. "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போடுங்கக்கா." அவ்வளவுதான்.

அப்புறம் கேட்டால், "ஐயா கோர்ட்டுல இருக்காரு." மறுபடி கேட்டால், "ஒத்தக்கடை ஹைகோர்ட்டு பெஞ்சுக்குப் போயிருக்காரு." செலவுக் கணக்கு கேட்டால், "டாக்டர் சாட்சிக்கெல்லாம் நாங்கதானக்கா போட்டோம்." ரசீது? "ஐயாகிட்டத்தான் கேக்கணும்." சரி, கேஸ் கட்டையாவது கொடுங்கள் என்றால் "பாக்கியத் தீத்துட்டு வாங்க"ளாம். 4,38,000 எடுத்த பிறகும் பாக்கி!

சட்டம் இதில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. ஜெயித்தால் இவ்வளவு, வரும் பணத்தில் பங்கு என்று வக்கீல் பேசவே கூடாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 20 அது. 2017-ல் பி.சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இதே கதைதான்: விபத்து இழப்பீடு, சதவீத ஃபீஸ், கையெழுத்து வாங்கிய செக், அதை வைத்து 138 வழக்கு (செக் பவுன்ஸ் கேஸ்). அந்த ஒப்பந்தம் செல்லாது, தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லி வழக்கையே ரத்து செய்தது. ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்பது 2000-லேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் தீர்ந்த விஷயம். ஃபீஸ் பேசி முடிக்காமல் விட்டிருந்தால், கையில் இருக்கும் கட்சிக்காரர் பணத்தில் கோர்ட் விதிப்படியான ஃபீஸை மட்டும்தான் கழிக்கலாம் (விதி 29). கேட்டால் கணக்கு நகலும் கொடுத்தாக வேண்டும். நம்ம ஊர் விபத்து இழப்பீட்டு டிரிப்யூனல் (தீர்ப்பாயம்) உத்தரவுகளில் வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று பெரும்பாலும் தனியாகவே குறித்திருக்கும். அது இந்த 4,38,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

எங்கே போவது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 14.5.2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் இருக்கும் மாநில பார் கவுன்சிலில் வக்கீல்கள் சட்டம் பிரிவு 35-ன் கீழ் புகார் கொடுக்கலாம். ஒரு வருஷத்தில் முடிக்காவிட்டால் அது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போகும். கண்டிப்பார்கள், சஸ்பெண்ட் செய்வார்கள், பெயரையே நீக்கவும் செய்யலாம். ஆனால் அந்தத் தண்டனைப் பட்டியலில் பணத்தைத் திருப்பித் தருவது இல்லை. பணத்துக்கு சிவில் கோர்ட்டில் தனி வழக்குதான், 3 வருஷத்துக்குள். புகார் நடக்கிறதே என்று காத்திருந்து காலக்கெடுவைக் கோட்டை விடாதீர்கள்.

மற்றவர்களுக்கு, அவசரமாக: வக்காலத்துப் படிவத்தில் பணம் பெறும் அதிகாரம் அச்சிலேயே இருக்கும், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாஸ்புக், செக் புக் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100-க்கும் அடிக்கலாம். ஏற்கெனவே வெற்றுச் செக் கொடுத்திருந்தால், எதற்காக வாங்கினார்கள் என்று எழுதி, திருப்பிக் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி இன்றே தபால் போடுங்கள். பேங்கில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகும் 138 வழக்குப் போட முடியும். நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள்.