இரண்டாயிரம் ரூபாய்க்கு '4கே ப்ளூரே': வேலூர்ப் பக்கம் டிவிடி ப்ளேயர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் டிவிடி ப்ளேயர் வாங்கப் போகிறவர்கள் பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "4கே ப்ளூரே, ஃபுல் ஹெச்டி, 5.1" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டாயிரம் சொச்சத்துக்குப் புதுசு என்று ஒரு சரக்கு கைமாறுகிறது. ப்ளூரே என்பது டிவிடியைவிடத் துல்லியமான படம் பதியும் டிஸ்க் வகை, 4கே அதைவிடத் துல்லியம், 5.1 என்றால் ஆறு வழியாகப் பிரிந்து வரும் சத்தம். அதில் 4கே இல்லை, ப்ளூரே இல்லை, 5.1 இல்லை. புதுசும் இல்லை.

குடியாத்தத்துக் குடும்பம் ஒன்று வாங்கிய செட்டை வைத்தே சொல்கிறோம். வீட்டில் பீரோ அடுக்கு நிறையப் பழைய பட டிவிடிகள், கூடவே மகள் கல்யாண டிவிடி. வேலூர் டவுனில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார்கள். "எல்லா டிஸ்க்கும் ஓடும் சார். ப்ளூரேவே ஓடும்னா பாத்துக்கோங்க" என்று கடையில் இருந்த சினிமா டிஸ்க் ஒன்றைப் போட்டுக் காட்டி, ரொக்கம் வாங்கிக்கொண்டு, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் கல்யாண டிவிடி முகூர்த்தம் வருவதற்குள் நின்றுவிட்டது. கடைக்குப் போனால், "டிஸ்க்குல கோளாறு சார்." சில வாரத்தில் எதைப் போட்டாலும் 'நோ டிஸ்க்'. மறுபடி போனால், "பிக்கப் போயிடுச்சு. அதுக்கு வாரண்டி கிடையாது." பிக்கப் என்பது டிஸ்க்கை லேசரால் படிக்கும் பாகம். அதை மாற்றித் தரத் தனிக் காசு கேட்டார்கள்.

மூடியைக் கழற்றினால் கதை முழுவதும் உள்ளேயே இருக்கிறது. ஸ்க்ரூ தலைகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. பிக்கப் நகரும் கம்பியில் பழைய கிரீஸ் கறுத்து, தூசியோடு இறுகிப்போயிருந்தது. மலிவு ப்ளேயர்களில் பெரும்பாலும் வரும் பிக்கப் சான்யோ எஸ்எஃப்-ஹெச்டி62, ஹெச்டி65, சோனி கேஹெச்எம்-313ஏ ஆகியவற்றில் ஒன்று, இல்லையென்றால் அவற்றின் நகல். இந்தச் செட்டில் இருந்தது வேறொரு ப்ளேயரிலிருந்து கழற்றிப் போட்ட ஹெச்டி62. அதன் ஓரத்தில் இருக்கும் குட்டிப் ப்ரீசெட் திருகைத் திருப்பி லேசர் கரண்டைக் கூட்டியிருந்தார்கள். களைத்துப்போன லேசர் இப்படி முடுக்கிவிட்டால் கொஞ்ச நாள் நன்றாகவே படிக்கும். கூடுதல் கரண்டில் லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடு சூடேறி, அதற்குப் பிறகு ஒரேயடியாகப் போய்விடும். கடையில் ஓடியதும் வீட்டில் படுத்ததும் இதனால்தான்.

சினிமா டிஸ்க் ஓடி கல்யாண டிவிடி மட்டும் நின்றதற்கும் காரணம் அதே லேசர். தொழிற்சாலையில் அச்சாகும் டிஸ்க்கில் குழிகள் அழுத்தமாகப் பதிந்து, மேலே அலுமினியப் படலம் இருக்கும். ஸ்டூடியோவில் எழுதித் தருவது சாயப் பூச்சில் சுட்ட தடம்தான். வருஷம் ஆக ஆகச் சாயம் மங்கும், சிக்னல் மெலியும். நல்ல பிக்கப் அதையும் படித்துவிடும், தேய்ந்த பிக்கப் திணறும். ஆகவே "டிஸ்க்குல கோளாறு" என்ற பதிலை அப்படியே நம்பாமல், அதே டிஸ்க்கை வேறொரு ப்ளேயரிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ப்ளூரே விஷயத்தில் வாதமே தேவையில்லை. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, ப்ளூரேவுக்கு 405 நானோமீட்டர் நீலஊதா. டிவிடியில் தகவல் இருப்பது பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், ப்ளூரேவில் 0.1 மில்லிமீட்டரில். லேசரும் வேறு, லென்ஸும் வேறு என்பதால் டிவிடி பிக்கப் ப்ளூரேவைப் படிக்க வழியே இல்லை. சாஃப்ட்வேர் ஏற்றினால் ஓடும் என்று எவராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

'ஃபுல் ஹெச்டி' என்று பெட்டியில் போடும் '1080p' வேறு வகை. அது முழுப் பொய் அல்ல. டிவிடியில் பதிந்திருப்பது நம்மூர் டிவி முறையான பிஏஎல் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிதான். ப்ளேயர் அதை இழுத்துப் பெரிதாக்கி ஹெச்டிஎம்ஐ வழியாக 1080 என்று அனுப்புகிறது. டிவியில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 1080 என்றுதான் காட்டும், கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். இல்லாத துல்லியம் எங்கிருந்தும் வராது. பெரும்பாலான டிவிகள் இந்த இழுக்கும் வேலையைத் தாமே செய்துகொள்ளும். இதற்கென்று கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

5.1 என்று பின்னால் ஆறு ஜாக் இருந்ததே என்று கேட்கலாம். இந்தச் செட்டில் போர்டிலிருந்து வந்தது இடது, வலது இரண்டு லைன் மட்டும். மற்ற ஜாக்குகளை அவற்றோடேயே வயர் போட்டுச் சேர்த்திருந்தார்கள். சோதிப்பது எளிது. டால்பி 5.1 உள்ள ஒரிஜினல் டிவிடியை ஓடவிட்டு, ஒற்றை வயரை ஒவ்வொரு ஜாக்காக மாற்றிக் குத்துங்கள். சென்டரில் வசனம் தூக்கலாகக் கேட்க வேண்டும், சப்வூஃபரில் அடிநாதம் மட்டும் வர வேண்டும். ஆறிலும் ஒரே சத்தம் என்றால் வெறும் அலங்காரம். நம் யோசனையில், ஹோம் தியேட்டர் இருப்பவர்களுக்குக் கோஆக்ஸியல் அவுட் (டிஜிட்டல் சத்தத்தை ஒரே வயரில் அனுப்பும் ஜாக்) ஒன்று போதும்.

கடைக்குப் போகும்போது கையோடு நாலு சாமான் வேண்டும்: வீட்டுக் கல்யாண டிவிடி, நீளமான படத்தின் ஒரிஜினல் டிவிடி, ஒரு விசிடி அல்லது பாட்டு சிடி, ஒரு பென் டிரைவ். முதலில் கல்யாண டிவிடி. அடுத்து ஒரிஜினல். நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுபவை, 4.7 ஜிபி ஒற்றை அடுக்கில் நல்ல தரத்தில் அடங்காது. அதனால் பெரும்பாலும் 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் வரும்; டிஸ்க்கின் அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் அடிக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க் திருப்பியடிக்கும் ஒளி குறைவு, தேய்ந்த பிக்கப் அங்கேதான் மாட்டும். படத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் நடு அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் தாவுங்கள். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு கணம் நின்று ஓடுவது இயல்பு. கட்டம் கட்டமாக உடைந்தால், டர்ர்ரென்று தேடினால், அந்தச் செட் வேண்டாம். பிறகு விசிடி. சிடிக்கும் டிவிடிக்கும் டயோடு தனித்தனி என்பதால் ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விற்ற காலத்து விசிடிகள் எத்தனையோ வீட்டில் இன்னும் கிடக்கின்றன, அவற்றுக்கு இந்தச் சோதனை முக்கியம்.

பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. மலிவு ப்ளேயர்கள் பழைய எக்ஸ்விட் வகை ஏவிஐ ஃபைலை ஓட்டும். இன்றைய ஹெச்.264 எம்பி4, எம்கேவி ஃபைல்கள் பெரும்பாலும் ஓடாது. 'யுஎஸ்பி உண்டு' என்ற ஸ்டிக்கருக்காக வாங்கிவிட்டு, செல்போனில் எடுத்த வீடியோ வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் அதிகம்.

இதெல்லாம் செய்ய அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். செட் சூடான பிறகுதான் பவர் சப்ளை குறை தெரியும். குடியாத்தத்துச் செட்டில் 5 வோல்ட் லைனின் கெப்பாசிட்டர் (கரண்டைச் சீராக்கும் பாகம்) தலை உப்பியிருந்தது. போட்டிருந்தது 85 டிகிரி சூடு வரை தாங்கும் ரகம். நம்மூர்க் கத்திரி வெயிலில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குள், கரண்டு ஏறி இறங்கும்போது அது தாங்காது. 5 வோல்ட் இறங்கினால் லோகோ வந்து வந்து போகும், டிஸ்க் சுற்றிவிட்டு நிற்கும், ட்ரே பாதியில் மாட்டும். இப்படி வந்தால் உடனே பிக்கப்புக்குக் காசு கொடுக்காமல், முதலில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். 105 டிகிரி கெப்பாசிட்டர் சில ரூபாய்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து புது பிக்கப் வரவழைத்தாலும் ஒரு கண் வேண்டும். லேசரைக் காப்பாற்ற அதில் ஒரு சால்டர் பொட்டு வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். ரிப்பன் வயரை மாட்டியபின் அதை எடுக்காவிட்டால் புது பிக்கப்பும் 'நோ டிஸ்க்' என்றே காட்டும், கெட்டுப்போன பிக்கப் என்று இன்னொன்றுக்கும் பில் போடுவார்கள்.

உண்மையான ப்ளூரே வேண்டுமென்றால், சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் விடுவதை நிறுத்தியது, எல்ஜி 2024 கடைசியில் விலகியது. அந்தப் பெயர்களில் புதுசு என்று வருவது பழைய ஸ்டாக்காகவோ கைமாறியதாகவோ இருக்கலாம், ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம், வருஷம் பாருங்கள். 2013க்குப் பின் தயாரான ப்ளூரே ப்ளேயரில் மஞ்சள் ஏவி ஜாக் வழியாகப் படம் வராது, பழைய டியூப் டிவிக்கு ஆகாது. டிஸ்க்கும் ப்ளேயரும் எந்த நாட்டு மண்டலத்துக்கு உரியவை என்று பூட்டு உண்டு. சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவருவது ப்ளூரேவுக்கு ஏ மண்டலம், டிவிடிக்கு 3. இந்தியா சி, 5. தமிழ் டிவிடிகளில் நிறைய மண்டலப் பூட்டு இல்லாதவை என்பதால் அவை ஓடிவிடும், மற்றவை ஓடாமல் போகலாம். வீட்டில் ப்ளூரே டிஸ்க்கே இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். ஹெச்டிஎம்ஐ, ஏவி இரண்டும் உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் சாதா டிவிடி ப்ளேயர் போதும். வீட்டில் வைத்திருந்து விற்கிற பழைய சோனியோ பிலிப்ஸோ கிடைத்து, மேலே சொன்ன சோதனையில் தேறினால், பெயரில்லாப் புதுசைவிட அதுவே மேல்.

கையடக்க ப்ளேயர் வாங்குவோர் டேப்பை எடுத்துத் திரையை மூலைக்கு மூலை அளக்கவும். 9 அங்குலம் என்றால் 22.9 சென்டிமீட்டர் வர வேண்டும். அட்டையில் போடுவது பல நேரம் உடம்பின் அளவு. அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஆர்-நம்பர் இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரியும்.

குடியாத்தத்துக் குடும்பம் அதிகம் திண்டாடியது பில் இல்லாமல். எஸ்டிமேட் சீட்டில் கடைப்பெயரும் இல்லை, மாடல் நம்பரும் இல்லை. பில்லில் சீரியல் நம்பரோடு 'ப்ளூரே ப்ளேயர், புதியது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கி மொத்தம் 15 எழுத்து இருக்கும், ஜிஎஸ்டி தளத்தில் யார் பெயரில் என்று பார்க்கலாம். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருஷம், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் செட்டைத் திரும்பக் கடையிலேயே கொடுத்துவிட்டு வராதீர்கள், அதுதான் சாட்சி. பெட்டி, ஸ்டிக்கர், டிஸ்க் நிற்பது எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தவர்களிடம் எஸ்டிமேட் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். இனி வாங்குகிறவர்கள் ஜிபே, போன்பே மூலம் கடைப் பெயருக்கே அனுப்பிவிடுங்கள்.