ஐந்து ஆண்டுப் பயணங்களில் கைகொடுத்தவை

பயணத்துக்குச் சூழலைக் கெடுக்காத பொருள்களாகப் பார்த்து எடுத்துப்போகிறேன். ஷாம்பூ பாட்டிலை விட்டு ஷாம்பூ கட்டிக்கு மாறி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் கட்டி வீணாய்ப் போனது. குளித்த கையோடு தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால் பாதி கூழாகி அடியில் ஒட்டிக் கிடந்தது. இப்போது டப்பாவுக்குள் பீர்க்கை நாரில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும், கட்டி கெட்டியாகவே இருக்கும். கிளம்புவதற்கு முன் சிறிது நேரம் மூடியைத் திறந்து வைப்பேன், அவ்வளவுதான். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோனாலும் 100 மில்லி கட்டுப்பாடு இதற்குக் கிடையாது.

வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். ஷாம்பூ கட்டி என்று விற்பதில் பல, எண்ணெயில் காரம் சேர்த்துச் செய்த சாதாரண சோப்புதான். அதன் பிஹெச் (காரத்தன்மையின் அளவு) 9, 10 என்று இருக்கும். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடியில் மெழுகு பூசினாற்போல் பிசுபிசுக்கும். நான் முதலில் வாங்கியது அந்த வகை. பட்டியலில் 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' முதலில் இருந்தால் அது சோப்பில்லாமல் செயற்கைக் கழுவுபொருளில் செய்த சிண்டெட் வகை. எனக்கு அதற்குப் பிறகு பிசுக்கே இல்லை.

மூங்கில் பல் பிரஷ் நல்லதுதான், ஆனால் முழுதாக மக்காது. அதன் இழைகள் பெரும்பாலும் நைலான். பிரஷ் தேய்ந்ததும் குறடால் அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கைப்பிடியை மட்டும் மண்ணில் போடுகிறேன். ஈரத்தோடு உறையில் வைத்தால் அடிப்பக்கம் கறுத்துவிடும்.

சன்ஸ்கிரீனில் 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வெயில் தடுப்பு ரசாயனங்கள் இரண்டுமே அதில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இவை உள்ள சன்ஸ்கிரீனை விற்க ஹவாய் 2021 முதல் தடை விதித்திருக்கிறது. நான் பூசுவது துத்தநாக ஆக்சைடு. கறுத்த தோலில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாய்த் தெரியும், பொறுமையாகத் தேய்க்கத்தான் வேண்டும்.

துணி, பை விஷயத்தில் எனக்கு முக்கியம் தைத்தவர்களின் நிலை. இங்கே பலர் குழம்புகிறார்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கிறது. தொழிலாளியின் கூலி பற்றி அதில் ஒன்றும் இல்லை. காட்ஸ் எனப்படும் உலக இயற்கை நெசவுத் தரச்சான்று வேறு. குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும், ஆலையில் குழந்தைத் தொழிலாளர் கூடாது, பணியிட நிபந்தனைகளும் சோதிக்கப்படும். உள்சட்டை, துணிப்பைகளை இந்த முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறேன்.

முதுகுப்பை மறுசுழற்சி பாலியெஸ்டர். மூன்றாம் ஆண்டில் ஜிப் மூடியபின் பின்னாலேயே பிளந்துகொண்டது. பை போச்சு என்றுதான் நினைத்தேன். பல் வரிசையில் ஒரு குறையும் இல்லை, ரன்னர்தான் தேய்ந்து வாய் அகன்றிருந்தது. குறடால் இருபக்கமும் மெல்ல அழுத்தியதில் சில மாதம் ஓடியது. அப்புறம் தையல்காரர் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இன்றும் அதே பைதான். அதனால் இப்போது எந்தப் பையை எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஜிப்பைத்தான்: பல் தடிமனா, ரன்னரை மாற்ற முடியுமா, தோள்வார் தையல் இரட்டையா.

பழைய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்றும் இருக்கிறது. துவைக்கத் துவைக்கப் பிளாஸ்டிக் இழை உதிரும் என்பதால் உடம்பு துடைக்கப் பருத்திக்கு மாறிவிட்டேன். அதைத் தூக்கி எறியவில்லை; பையின் அடியில் ஈரச் செருப்பைச் சுற்றி வைக்க அதுதான்.