லீச்சா, பெகாசிஸா, அல்லது ரேடியோவைத் தூங்க வைப்பதா?

கம்பியில்லா சென்சார் வலையமைப்பில் மின்சக்தியை மிச்சம் பிடிக்கும் புராஜெக்ட் என்றால் பலரும் முதலில் எடுப்பது லீச் என்ற தகவல் தொடர்பு நெறிமுறையைத்தான். 2000-இல் எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் முன்வைத்தது. நோடுகள், அதாவது சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் உள்ள சின்னக் கருவிகள், குழுவாகச் சேரும். தலைவர் நோடு எல்லாரின் தரவையும் வாங்கிச் சுருக்கி மைய நிலையத்துக்கு அனுப்பும். அந்தச் சுமை ஒருவர் தலையிலேயே விழக்கூடாது என்பதால் பதவி சுற்றி வரும்.

2002-இல் வந்த பெகாசிஸ் நெறிமுறை குழுவுக்குப் பதில் சங்கிலி போடுகிறது. ஒவ்வொரு நோடும் பக்கத்து நோடிடம் மட்டும் பேசும். ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் மையத்துக்கு அனுப்பும். சிமுலேஷனில் லீச்சை முந்துகிறது. ஆனால் தரவு சங்கிலி வழியே ஊர்ந்துதான் வர வேண்டும். தீ எச்சரிக்கைக்கு இதை வைக்க எனக்கு மனசு வராது.

லீச் கட்டுரையின் கணக்குப்படி ஒரு பிட்டுக்கு மின்சுற்றுச் செலவு 50 நானோஜூல். அதற்கு மேல், சிக்னலைத் தூரத்துக்கு அனுப்பும் பெருக்கியின் செலவு 10 மீட்டருக்கு 10, 100 மீட்டருக்கு 1000. அதனால் தூரத்தைக் குறைத்தால் லாபம்தான். ஆனால் யாரும் பேசாதபோது ரேடியோ சும்மா காது கொடுத்துக்கொண்டிருக்கும் செலவு இந்தக் கணக்கில் இல்லை. லீச் குழு உறுப்பினர்கள் தம் முறை வரும்வரை தூங்கலாம், சரி. தலைவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நிஜ சில்லைப் பாருங்கள். டீலோஸ் என்ற சென்சார் நோடில் இருக்கும் சிசி2420 ரேடியோ அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும், கேட்க 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, ரேடியோவை அணைக்காமல் விட்டால் ஐந்தரை நாளில் காலி. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால், ரேடியோ கணக்கில் மட்டும், ஒன்றரை வருஷம். எந்தக் குழு அமைப்பும் இவ்வளவு தராது என்பது என் கட்சி.

தூங்க வைப்பதிலும் இரண்டு வழி. 2004-இன் பி-மேக் நெறிமுறையில், கேட்பவர் அவ்வப்போது கண் விழித்துப் பார்ப்பார். அனுப்புபவர் அந்த இடைவெளி முழுக்க, 'செய்தி வருகிறது' என்று சொல்லும் முன்குறிப்பை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சம்பந்தமில்லாத அக்கம்பக்கத்தாரும் அதனால் விழிப்பார்கள். அடுத்து வந்த எக்ஸ்-மேக் அந்த முன்குறிப்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் பெறுநர் முகவரியை வைத்தது. உரியவர் இடையிலேயே 'போதும்' என்று சொல்லிவிடலாம். இரண்டாவது வழியான டி.எஸ்.சி.எச். வேறு ரகம்: யார் எப்போது பேசுவது, கேட்பது எல்லாம் நேர அட்டவணைப்படி. அதற்குக் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். இரண்டு நோடுகளின் கடிகாரப் படிகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 40 பங்கு பிசகு இருந்தாலே 25 நொடியில் ஒரு மில்லி நொடி விலகிவிடும், திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். தவறாமல் தரவு வரும் தொழிற்சாலைக்கு இதுதான் என் தேர்வு. எப்போதாவது பேசும் வயல்வெளிக்கு எக்ஸ்-மேக் போதும்.

2002-இல் அமெரிக்காவின் மெய்ன் கரையோரம் கிரேட் டக் தீவில் பறவை வளைகளில் வைத்த நோடுகள் பதவிச் சுற்றெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அளந்தன, தரவை வெளியே கடத்தும் நுழைவாயில் நோடுக்கு நேராக அனுப்பின, தூங்கின. எப்போதும் விழித்திருக்க வேண்டிய அந்த நுழைவாயிலுக்கு மட்டும் ஒரு சோலார் தகடு. அந்தப் பறவையின் பெயரும் லீச்சின் பெட்ரல்தான். நெறிமுறைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.