ஹால் டிசைனுக்கு 1,58,400 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: கோணல் ஹால் உள்ளவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." இன்று மதியம் வந்த குறுஞ்செய்தி இது. எதைத் தீர்த்தார்கள்? படுக்கையறை வாசலை மறித்துக்கொண்டு அந்தச் சோபா இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. கூரையில் இருக்கும் விளக்கைப் போட்டால் ஹால் முழுக்க நிழல் ஓடுகிறது. என்னுடைய 1,58,400 ரூபாய் அவர்கள் கணக்கில் இருக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடு மாதிரி கோணலான ஹால் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டாமல் நின்றால் போதும்.

முதலில் ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் கொளத்தூர் பக்கம் எங்கள் ஃப்ளாட். தெரு வளைகிற இடத்தில் மனை. அந்தச் சாய்வு முழுவதையும் பில்டர் எங்கள் ஹாலில் கொண்டுவந்து தள்ளிவிட்டார். பால்கனிப் பக்கம் அகலம் 12 அடி 4 அங்குலம், சமையலறைப் பக்கம் வெறும் 7 அடி 10 அங்குலம். ஒரு சுவர் நேராக 18 அடி 6 அங்குலம் போகிறது, எதிர்ச் சுவர் சாய்ந்துகொண்டே வந்து குறுகுகிறது. முறத்தைத் தரையில் வைத்த மாதிரி இருக்கும். போதாததற்குப் படுக்கையறைக் கதவும் அந்தச் சாய்ந்த சுவரில்தான். குடிவந்த நாளிலிருந்து எந்தப் பொருளை எங்கே போட்டாலும் ஏதோ ஒரு மூலை இடிக்கும், ஏதோ ஒரு மூலை இருட்டாக இருக்கும்.

இரண்டு வருஷம் கட்டிய சீட்டை ஆடியில் எடுத்தேன். இந்தத் தடவையாவது ஹாலை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அப்போதுதான் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. ஆன்லைனிலேயே டிசைன் போட்டு, சோபா, டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், விளக்கு எல்லாம் செய்து 45 வேலை நாளில் முடித்துத் தருகிற தளம். வழக்குப் போடப் போகிறேன், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் ஏன் நம்பினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அந்த இடத்தில்தான் விழுவீர்கள். வீடியோ அழைப்பில் வந்த டிசைனர் 25 வயசு இருக்கும் ஒரு தம்பி. விலையே பேசவில்லை. ஹாலைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அத்தை ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். "பாட்டி எப்பவும் எங்க உட்காருவாங்க, அக்கா?" என்று கேட்டார். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். உடனே, "அப்போ வெள்ளை வெளிச்சம் வேண்டாம் அக்கா, 3000 கெல்வின் வார்ம் லைட் போடலாம். விளக்கு நேரா கண்ணுல படாம சீலிங் ஓரத்துல மறைச்சு வைக்கலாம்" என்றார். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. இதற்கு முன் பார்த்த யாரும் எங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்டதில்லை.

மறுநாள் த்ரீ-டி படம் வந்தது. குறுகலான பக்கத்தில் அத்தைக்கு ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் சின்ன நிற்கும் விளக்கு, சுவரில் முருகன் படத்துக்கு ஒரு தட்டு. அத்தை ஃபோனை வாங்கி அந்த நாற்காலியை விரலால் தொட்டுப் பார்த்து, "இது எனக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். அன்றைக்கு ராத்திரியே 26,400 கட்டினேன். மொத்தம் 2,64,000, அதில் 10 சதவீதம் முன்பதிவு.

அடுத்த வாரம் அளவெடுக்க ஒருவர் வந்தார். லேசர் கருவியை வைத்து நேர்ச் சுவரை அளந்தார், பால்கனிப் பக்கம் அளந்தார், உயரம் பார்த்தார், கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். "சாய்ந்த சுவரை அளக்கவில்லையே?" என்று வாசல் வரை போய்க் கேட்டேன். "அதெல்லாம் டிசைனர் பார்த்துப்பார் மேடம்" என்றார். அங்கேயே நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம் 14 பக்கத்தில் ஒரு வரைபடம் வந்தது. "இன்னிக்கே ஒப்புதல் கொடுத்தாதான் தீபாவளிக்குள்ள முடியும், அக்கா" என்று அந்தத் தம்பி ராத்திரி 11 மணிக்கு அழைத்தார். ஒப்புதலை அழுத்தி, 50 சதவீதம், அதாவது 1,32,000 கட்டினேன். ஆக மொத்தம் 1,58,400. அந்த வரைபடத்தில் 9-ஆம் பக்கத்தில் எங்கள் ஹால் 12 அடி 4 அங்குலத்துக்கு 18 அடி 6 அங்குலம் என்று சுத்தமான செவ்வகமாக இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். முறத்தைப் பெட்டியாக்கி வைத்திருக்கிறார்கள்.

தீபாவளி போனது. கார்த்திகை பிறந்த பிறகுதான் சீலிங் ஆட்கள் வந்தார்கள். படத்தில் எட்டு விளக்கு, நாலு நாலாக இரண்டு வரிசை. இங்கேயோ ஒரு வரிசையின் கடைசி விளக்கு சுவருக்குள்ளேயே போகிறது. யாரையும் கேட்காமல் அந்த வரிசையை நடுப்பக்கமாக நகர்த்திப் பொருத்திவிட்டார்கள். இரண்டு விளக்கு சரியாக மின்விசிறி இறக்கைக்கு மேலே வந்து நின்றது. 1200 மில்லிமீட்டர் விசிறி, கிட்டத்தட்ட நாலு அடி வட்டம், அந்த வட்டத்துக்குள் விளக்கு இருந்தால் என்ன ஆகும்? இறக்கை ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் சுவரெல்லாம் நிழல் ஓடும். அதுவும் போட்டது 3000 கெல்வின் இல்லை, 6500. ஆஸ்பத்திரி வராந்தா வெள்ளை. ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் அத்தை, "கண்ணுக்குள்ள யாரோ கை ஆட்டற மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி உள்ளே போனவர்தான். சாயங்காலம் ஆனால் ஹாலுக்கு வருவதே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் சோபா வந்தது. ஒரு பக்கம் 9 அடி, ஒரு பக்கம் 6 அடி, எல் வடிவம். பால்கனி மூலையில் வைத்தால் உட்காரவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் வரும்" என்று கையெழுத்துக் கேட்டார்கள்.

கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூலை சரியாக 90 டிகிரி இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை அவர் சுவர் மூலையில் வைத்தார், ஐந்து நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பால்கனி மூலை 90 டிகிரி இல்லை, 76 பக்கம்தான் இருக்கிறது. எல் சோபா 90-க்குச் செய்தது. அதனால் மூலைக்குள் போகாமல், சாய்ந்த சுவரை ஒட்டி ஒன்றரை அடி முன்னால் வந்து நிற்கிறது, பின்னால் ஆப்பு மாதிரி ஓர் இடைவெளி. மூலையிலிருந்து படுக்கையறை வாசல் 9 அடி 4 அங்குலத்தில் ஆரம்பிக்கிறது. சோபா முடிவதோ பத்தரை அடியில். வாசலில் 14 அங்குலம் போய்விட்டது. அத்தை பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியே வர வேண்டும்.

"இந்த மாதிரி ஹாலுக்கு எல் சோபாவே ஆகாதும்மா" என்றார் ஆசாரி. நேர்ச் சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, அகலமான பக்கம் நகர்த்திக்கொள்கிற மாதிரி இரண்டு தனி நாற்காலி, சாய்ந்த சுவரை நடப்பதற்குக் காலியாக விட வேண்டும். விளக்கு வரிசை நேர்ச் சுவருக்கு இணையாகப் போக வேண்டும், குறுகின பக்கம் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்தால் அந்தப் பக்கம் குகை மாதிரி தெரியாது. ஒரு ரூபாய் வாங்காமல் இதைச் சொன்னார். 1,58,400 வாங்கியவர்கள் சொல்லவில்லை.

புகார் சொல்லத் தொடங்கியதும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே வயிறு எரிகிறது. முதல் நாள், "டிக்கெட் போட்டிருக்கிறோம், 48 மணி நேரத்தில் அழைப்பார்கள்." அழைக்கவில்லை. நான் அழைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தத் தம்பி எண்ணுக்கு அடித்தால் போகவே இல்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அடுத்தவர், "வரைபடத்துக்கு நீங்கள்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்?" என்றார். அதற்கடுத்தவர், அளவு கொடுத்துச் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். கடைசியாகப் பேசிய மேலாளரோ, மீதி 1,05,600 கட்டினால்தான் திருத்த ஆள் அனுப்ப முடியும் என்றார். "வீட்டுக்கு வந்து ஒரு தடவை அந்த வாசலைப் பாருங்கள்" என்று கெஞ்சினேன். பத்தொன்பது நாள் இப்படிப் போனது, இன்றைக்குப் புகாரை மூடிவிட்டார்கள்.

என்ன செய்வது, யாரிடம் போவது என்று விரிவாக எழுத நினைத்தேன். அத்தைக்கு மருந்து விடும் நேரமாகிவிட்டது, அவசரமாகச் சிலது மட்டும்.

கோணல் அறைக்கு நாலு சுவரையும் அளந்தால்கூடப் போதாது. இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், மூலைமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளந்த தாளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் உங்கள் அறை செவ்வகமாக இருந்தால் ஒப்புதல் கொடுக்காதீர்கள், ராத்திரி 11 மணிக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். சோபா அளவில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, சுற்றி நடந்து, கதவெல்லாம் திறந்து பாருங்கள். விளக்கு கெல்வின் எண்ணையும், விசிறி வட்டத்துக்குள் விளக்கு வராது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நானும் இன்று பதிந்துவிட்டேன். ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வேலையைச் சரிசெய்யும் முன் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தளத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார், 1,05,600 எப்போது கட்டுகிறீர்கள் என்று. சோபாவை எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள், என் 1,58,400-ஐத் திருப்பிப் போடுங்கள், அதற்கப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.