எங்கள் நாய் பிளாக்கிக்கு ஆள் வைத்துப் பழக்கினோம்: இரண்டரை வருடக் கணக்கு

ஆறாம் மாதம் எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன், எட்டாம் மாதம் என்றால் காசு தண்டம் என்று எழுதியிருப்பேன். இரண்டரை வருடம் போய்விட்டது, இனி எழுதலாம்.

பிளாக்கியின் தாய் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாட்டு நாய், தகப்பன் பங்களாவில் இருந்த அல்சேஷன் என்று பேச்சு. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து ரோட்டோரம் எங்கள் வீடு. காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது) முடிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். தபால்காரர், பால்காரர், ஆட்டோ எதுவும் பிளாக்கிக்குப் பிரச்சினை இல்லை. இடுப்பில் படங்கு (நனையாமல் சுற்றிக்கொள்ளும் தடித்த ஷீட்) கட்டி முதுகில் சாக்கோடு யாராவது வந்தால் மட்டும் சங்கிலி அறுந்துவிடும்போலத் துள்ளும். நடக்கும்போது அந்தப் படங்கு படபடவென்று சத்தம் போடும் இல்லையா, அதுதான் அதற்கு ஆகாது.

முதலில் டவுனில் ஒருவரிடம் விட்டோம். ஒரு மாதம் அவர் இடத்திலேயே வைத்திருந்து பழக்கித் தருவார், 45,000 ரூபாய். கழுத்தை இறுக்கும் சங்கிலி, உறுமினால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான் அவருடைய வித்தை. திரும்பி வந்த நாய் அமைதியாக இருந்தது, நாங்களும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டோம். உண்மையில் அது கற்றுக்கொண்டது உறுமக்கூடாது என்பதை மட்டும்தான். பயம் உள்ளே அப்படியே இருந்தது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது. மூன்றாவது கிழமை (வாரம்), பக்கத்து லயத்து அக்கா கேட்டருகே நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, ஒரு சத்தமும் இல்லாமல் போய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

சவர்க்காரம் போட்டு பைப் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். பிளாக்கிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தது, இருந்தாலும் 14 நாள் கட்டிவைத்துக் கவனித்தோம். அக்கா சத்தம் போடவில்லை. "நாளைக்குச் சின்னப் பிள்ளையைக் கடிச்சா என்ன செய்வீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பேராதனை. பல்கலைக்கழகத்து மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்கு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வேன் பிடித்துப் போனோம் (பஸ்ஸில் நாயை யார் ஏற்றுவார்கள்). டொக்டர் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். வலது காதுக்குள் பழைய புண். தலைப்பக்கம் கை போனால் சீறியது திமிர் என்று நினைத்திருந்தோம், வலி! வலியிருக்கும் நாய்க்குப் பொறுமை குறைவாகத்தான் இருக்கும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆள் வைக்கிறவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டு அப்புறம் வையுங்கள்.

காது ஆறிய பிறகு, கண்டியில் இருந்து நாய்க் குணம் பார்க்கிற ஒரு மிஸ் வீட்டுக்கே வந்தார். ஒரு தடவைக்கு 6,000, வேன் காசு தனி. முதல் நாள் நாயைத் தொடவே இல்லை. வீட்டில் யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று கேட்டார். நான் "சிட்", மனைவி "உட்காரு", அம்மா "இருடா எருமை". ஒரே சொல்லாக வையுங்கள் என்றார், "இரு" என்று முடிவானது. அம்மா மட்டும் இன்றுவரை எருமையையும் சேர்த்துத்தான் சொல்கிறார், அதுவும் கேட்கிறது.

அடுத்த தடவை ஒரு படங்கு வேண்டும் என்றார். கடிபட்ட அக்காவிடமே போய்க் கேட்டு வாங்கினேன், அதை எந்த முகத்தோடு கேட்டேன் என்று கேட்காதீர்கள். மனைவி அதைக் கட்டிக்கொண்டு ரோட்டு முடக்கில் நின்றாள், நான் பிளாக்கியோடு முற்றத்தில். தூரம்தான் இதில் எல்லாம். முப்பது மீற்றரில் நின்றால் பார்த்துவிட்டு அவித்த கோழி ஈரலை வாங்கித் தின்னும். இருபதுக்கு வந்தால் காது விறைத்து, வாயருகே வைத்த ஈரலையே மணக்காது. தின்னவில்லை என்றால் கிட்டப் போய்விட்டோம், பின்னால் போ, அவ்வளவுதான் கணக்கு. குரைத்த பிறகு அதட்டிப் பலனில்லை, குரைப்பதற்கு முன் நிறுத்தவேண்டும். படங்கு தெரிந்தால் ஈரல், மறைந்தால் ஈரலும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். ஐந்து மாதத்தில் எட்டு மீற்றருக்கு வந்தோம்.

எட்டாம் மாதம் தீபாவளி. வெடி போட்டார்கள், பாதி உழைப்பு போய்விட்டது, மறுபடி இருபது மீற்றர். மிஸ் அலட்டிக்கொள்ளவில்லை, டொக்டரோடு பேசச் சொன்னார். அவர் புளுவொக்ஸ்டின் எழுதினார், பதற்றத்துக்கு மனிதருக்கும் கொடுக்கிற மருந்துதான். வேலை செய்ய நாலு முதல் ஆறு கிழமை ஆகும், முதல் கிழமையில் சாப்பாடு குறைந்தது, பயந்துவிடாதீர்கள், ஆனால் டொக்டருக்குச் சொல்லுங்கள். ஒரு வருடம் கொடுத்து, அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். மருந்து மட்டும் நாயைத் திருத்தவில்லை, பழக்குகிறபோது அது கவனிக்கிற அளவுக்குப் பதற்றத்தைக் குறைத்தது.

மிஸ் மேல் ஒரே குறை, வாட்ஸ்அப்பில் பதில் வர இரண்டு நாள் ஆகும். இன்னொன்று, ராத்திரி வெளியில் கட்டாதீர்கள் என்று அவர் சொன்னதை நான் ஆறு மாதம் கேட்கவில்லை. எங்கள் பக்கம் சிறுத்தை நடமாடுகிற இடம், கட்டிய நாய் தப்பி ஓடவும் முடியாது. இப்போது குசினியில் படுக்கிறது.

கடியே இல்லாமல் இரண்டு வருடம். காலையில் பெண்கள் போகும்போது பிளாக்கி எழும்பி நின்று என் கையைப் பார்க்கும். வெளியே கூட்டிப்போகும்போது மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமிருக்கும் வாய்க்கூடு போடுகிறேன், இனியும் போடுவேன். மழை நாளில் குடை விரித்து வருகிறவர்கள் மட்டும் இன்னும் ஆகவில்லை. அதற்கு முப்பது மீற்றரில் இருந்து புதிதாக ஆரம்பிக்கவேண்டுமாம். ஈரல் விலையும் ஏறிவிட்டது, தீபாவளி வெடியெல்லாம் முடியட்டும் என்று இருக்கிறேன்.